சைக்கிள் ஸ்டாண்டில் கொடுத்த கார்டு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கோபம் வந்தால் எங்கள் வீட்டில் மற்றவர்கள் பாத்திரத்தை உருட்டுவார்கள், இல்லையென்றால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்கள். நான் இங்கிலீஷ் டிக்‌ஷனரியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அப்போது கள்ளிக்குப்பத்தில் ஒரு சின்ன மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடிப் புத்தகம் அது. ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில், அது எங்கே பிறந்தது, யார் யார் வாயில் புகுந்து எப்படித் திரிந்து வந்தது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். “அவ படிக்கிறா, யாரும் கிட்டப் போகாதீங்க” என்று அம்மா எச்சரிக்கை விடுவாள்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமான அந்த மாதத்தில் அந்தப் புத்தகத்தின் அட்டையே கழன்று வந்துவிட்டது. அவ்வளவு கோபம். தேடிய சொற்களும் பெரும்பாலும் ஒரே குடும்பம். எல்லாம் மனுஷனை மனுஷன் கூப்பிடுவது பற்றிய சொற்கள்.

நாங்கள் ஆவடியில் பாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு வரன் வந்து, வீட்டில் காபி குடித்து, தட்டிப் போயிருந்தது. மூன்றாவதாக வந்தவர் பூந்தமல்லிக்காரர், வளைகுடாவில் வெல்டர், லீவில் வந்திருந்தார். அவருக்கு அக்காவைப் பிடித்திருந்தது. அதைவிட முக்கியம், அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. அவள் அதை வாயால் சொல்லவில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்தாள், நாங்கள் புரிந்துகொண்டோம். சிக்கல் என்னவென்றால், தவக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் கோயிலில் கல்யாணம் நடக்காது. ஈஸ்டர் வருவதற்குள் மாப்பிள்ளையின் லீவு முடிந்துவிடும். சாம்பல் புதனுக்கு முந்தின திங்கள்கிழமையை விட்டால் வேறு நாள் கிடையாது. அடுத்த லீவு வரைக்கும் அந்த வீட்டார் காத்திருப்பார்கள் என்று நம்புகிற தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை.

கார்டு அடித்தோம். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ். இங்கிலீஷ் பக்கம் என் தலையில் விழுந்தது. அச்சகக்காரர் தயாராக ஒரு வாசகம் வைத்திருந்தார். ‘சாலிசிட்’ என்று தொடங்கும், உங்கள் வருகையை வேண்டுகிறோம் என்று பொருள். வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லைப் பார்த்தேன். லத்தீனில் அது ஒரு ஆளை முழுசாகப் பிடித்து உலுக்குவது, நிம்மதியில்லாமல் அடிப்பது. அன்றைக்குச் சிரித்தேன். அந்த லத்தீன்காரனும் பெண்ணுக்குக் கல்யாணக் கார்டு வைத்துவிட்டுத்தான் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று இரண்டு வாரம் கழித்துத் தோன்றியது.

கார்டு என்பது வெறும் காகிதம். கூப்பிடுவது வேறு. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, அந்த வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, கொடுத்ததைக் குடித்து, முறை சொல்லி அழைத்து, “குடும்பத்தோட முன்னாடியே வந்துடணும்” என்று சொன்னால்தான் கூப்பிட்டதாகக் கணக்கு. அதிலும் முதல் அழைப்பு யாருக்கு என்பதில் பேச்சே கிடையாது. அப்பாவின் அண்ணனுக்கு, எங்கள் பெரியப்பாவுக்கு.

பெரியப்பாதான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முதலில் கிளம்பி வந்து பாக்டரியில் சேர்ந்தவர். பிறகு அப்பாவை வரவழைத்து, தன் குவார்ட்டர்ஸில் தங்கவைத்து, சோறு போட்டு, அதே பாக்டரியில் உள்ளே நுழைத்துவிட்டவரும் அவர்தான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் அப்பாவைக் கூப்பிடுவது குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்கும். “ஏலே” என்று ஒரு குரல் கொடுப்பார். மைதானத்துக்கு அந்தக் கடைசியில் நின்றாலும் அப்பா திரும்பிப் பார்ப்பார். அந்தப் பக்கத்து மெட்ராஸ்காரப் பையன்கள் எங்களைக் கேலி செய்ய, “ஏலே, இன்னா ஏலே” என்று ஓட்டுவார்கள்.

அந்த ஏலே எப்போது நின்றது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா டிபார்ட்மென்ட் பரீட்சை எழுதிப் பாஸ் செய்து சார்ஜ்மேன் ஆனார். போட்ட இடம் பெரியப்பா வேலை பார்த்த அதே செக்‌ஷன். தம்பி மேலதிகாரி, அண்ணன் ஃபிட்டர். அண்ணனுக்குச் சலுகை காட்டுகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அப்பாவுக்கு ஒரே நடுக்கம். முதல் நாளே, எல்லாரையும் கூப்பிடுகிற மாதிரி பெரியப்பாவையும் டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டார். பெரியப்பா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, “சொல்லுங்க சார்” என்றாராம். செக்‌ஷனே அப்படியே நின்று பார்த்ததாம். இதை அப்பா சொல்லவில்லை, பெரியம்மாதான் அம்மாவிடம் சொன்னாள்.

வேலையில் தொடங்கியது வெளியிலும் ஒட்டிக்கொண்டது. பெரியப்பா எங்கே பார்த்தாலும் சார் என்றார். அப்பாவுக்கு நம்பர் சொல்லவும் வாய் வரவில்லை, அண்ணே என்று சொல்லவும் வெட்கம். இரண்டையும் விட்டுவிட்டார். பெரியப்பாவிடம் ஏதாவது பேச வேண்டுமென்றால் பக்கத்தில் போய் நின்று தொண்டையைக் கனைப்பார். பெரியப்பா ஏரி ஓரமாகப் பருத்திப்பட்டில் வீடு கட்டிப் போனபின், பால் காய்ச்சுகிற அன்றைக்கும் அப்பா வாசலில் நின்று கனைத்துக்கொண்டிருந்தார். பார்த்த எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

இப்படிப்பட்ட மனுஷன் கல்யாணக் கார்டை என்ன செய்தார் தெரியுமா. ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது, பாக்டரி சைக்கிள் ஸ்டாண்டில், பெரியப்பா சைக்கிளைப் பூட்டிலிருந்து எடுக்கும் நேரத்தில், பையிலிருந்து கார்டை உருவி நீட்டி, “இந்தா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அம்மா தட்டை எல்லாம் துடைத்து வைத்துக்கொண்டு, என்றைக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போகிறோம் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

“தினம் பாக்குற ஆளு. செக்‌ஷன்ல எல்லாருக்கும் அங்கதான் குடுத்தேன். தனியா வீடு தேடிப் போயி என்ன கூப்பிடுறது?” என்றார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நாளைக்குப் போகலாம், நாளன்றைக்குப் போகலாம் என்று அப்பா தள்ளிக்கொண்டே வந்தார். பெரியப்பா பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண் பேரும் மாப்பிள்ளை பேரும் சொல்லி, இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்க வேண்டும் என்று வாசிப்பார்கள். பெரும்பாலும் அந்த நேரத்தில் சனங்கள் குழந்தைக்கு மூக்கு சிந்திவிட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது ஓலை முடிந்த அன்று பூசைக்குப் பிறகு சாமியார் அப்பாவை அறைக்குக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

“ஒருத்தர் தடை சொல்லியிருக்கார்” என்றார். அவருக்கே அதைச் சொல்லச் சங்கடமாக இருந்தது. “பையன் பல வருஷமா வெளிநாட்டுல இருக்கார். அங்க கல்யாணம் ஏதும் ஆகலைன்னு அந்த ஊர்க் கோயில்லேர்ந்து எழுத்து மூலமா வரணுமாம். சொன்னவர் அந்நியர் இல்லை. உங்க அண்ணன்.”

அங்கிருந்து கடிதம் எழுதி வாங்க ஒரு மாதத்துக்குக் குறையாது. அதற்குள் தவக்காலம் வந்துவிடும். “சொன்னவர் தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வந்து சொல்லிட்டா, மூணாவது ஓலையை வாசிச்சுடுவேன். இல்லேன்னா என் கையில இல்ல” என்றார் சாமியார்.

அன்றைக்கு நான் புத்தகத்தைத் திறந்தது ஓலைக்காக. இங்கிலீஷில் அதற்குப் ‘பேன்ஸ்’ என்று பேர். பழைய நாளில் ராஜா ஊரைக் கூட்டி, எல்லாரும் வாருங்கள், வராவிட்டால் தண்டனை என்று அறிவிப்பானாம், அதுதான் அதன் வேர். கூப்பிடுவதற்கு இருந்த அதே சொல்தான் பிறகு தடை போடுவதற்கும் ஆகிப்போனது என்று எழுதியிருந்தது. புத்தகத்தைச் சுவரில் எறியலாம் போல இருந்தது. எங்கள் வீட்டில் நடப்பதை யாரோ ஒருவன் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே பொடி எழுத்தில் எழுதி வைத்த மாதிரி ஒரு எரிச்சல்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டம்மா ஆரம்பித்துவிட்டாள். “இன்னாக்கா, ஓலைல எதுனா தகராறாமே? மாப்ளைக்கு அங்க ஒரு ஊடு கீதாமே?” அம்மா குடம் நிரம்புகிற வரைக்கும் நிற்காமல் பாதிக் குடத்தோடு வந்துவிட்டாள். ஒரு நாளைக்குள் தடை என்பது வதந்தியாகி, வதந்தி குடும்பமாகி, அந்த இல்லாத குடும்பத்துக்கு இரண்டு பிள்ளையும் பிறந்துவிட்டது. அக்காவின் மெஷின் சத்தம் நின்றது. கல்யாணத்துக்குத் தைத்துக்கொண்டிருந்த பிளவுஸ் ஊசிக்கடியிலேயே கிடந்தது.

அப்பா வரமாட்டேன் என்றார். சரி என்று அம்மாவும் நானும் தட்டை எடுத்துக்கொண்டு பருத்திப்பட்டுக்குப் போனோம். பெரியம்மா எங்களைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டாள், அவளுக்கே நடந்தது பிடிக்கவில்லை. பெரியப்பா நாற்காலியைத் தூக்கிப் போட்டு உட்காரச் சொன்னார், டீ போடச் சொன்னார். மரியாதையில் ஒரு குறைவும் வைக்கவில்லை. தட்டை மட்டும் தொடவில்லை.

“அத்தான், அவங்க செஞ்சது தப்புதான். பிள்ளை முகத்தைப் பாத்து மன்னிச்சிருங்க. கார்டுதான் வந்துருச்சே” என்றாள் அம்மா.

“கார்டு வந்துச்சும்மா” என்றார் பெரியப்பா. “யாருக்கு வந்துச்சுன்னுதான் தெரியல. சைக்கிள் ஸ்டாண்டுல ஒருத்தர் இந்தான்னு நீட்டினாரு. இந்தான்னு எனக்குப் பேரு கிடையாது. நம்பர் சொல்லியிருந்தாக்கூட, சரி, எனக்குத்தான்னு வாங்கியிருப்பேன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அப்பா மேல கோபம்னா அப்பாகிட்ட காட்டுங்க பெரியப்பா. அக்கா என்ன பண்ணினா?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அவ பிறந்தப்ப ஆஸ்பத்திரியில முதல்ல தூக்கினவன் நான். பையன் எப்படின்னு விசாரிச்சீங்களான்னு என்னை ஒருத்தன் கேட்டிருப்பானா? கேட்டிருந்தா இதை வீட்டுக்குள்ளயே கேட்டு முடிச்சிருப்பேன். யாரும் கூப்பிடல, அதனால கோயில்ல போயி கேட்டேன்.” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போது அம்மா தட்டை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். கூப்பிடப் போன தட்டு நிறைவாகவே திரும்பி வருவதை யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று அவளுக்குப் பயம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சண்டை பிடித்தேன். நான் அப்படிச் சத்தம் போட்டு அதற்கு முன் பேசியதில்லை. “உங்களுக்கு ஒண்ணு தெரியுமாப்பா? சார்ங்கிற வார்த்தையைப் பாத்துட்டேன். சீனியர்ங்கிறதுலேர்ந்து தேஞ்சு தேஞ்சு வந்தது. மூத்தவரேன்னு அர்த்தம். இத்தனை வருஷமா உங்க அண்ணன் உங்களை மூத்தவரே, மூத்தவரேன்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்காரு. நீங்களும் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க.”

“அது இங்கிலீஷ்காரன் கவலை” என்று சொல்லிவிட்டு அப்பா பனியனோடு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டி எடுத்துக் கையில் கொடுத்தால் மனுஷன் மாறிவிடுவான் என்று டீச்சர் புத்தி நினைத்திருக்கிறது. ‘ப்ரவோக்’ என்று ஒரு சொல் இருக்கிறது, கோபமூட்டுவது. அதன் வேரும் கூப்பிடுவதுதான், வெளியே வாடா என்று கூப்பிடுவது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அந்த ஒரு வகை மட்டும் நன்றாகக் கைவந்திருந்தது.

அக்கா எழுந்து வாசலுக்குப் போனாள். சத்தம் போடவில்லை.

“அப்பா, ஒண்ணு கேக்கணும். பெரியப்பாவை நீங்க என்னன்னு கூப்பிடுவீங்க?”

அப்பா பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“சார்ஜ்மேன் ஆகுறதுக்கு முன்னாடி என்னன்னு கூப்பிட்டீங்க?”

அக்கா அங்கேயே நின்றாள். அப்பா எழுந்து உள்ளே வந்து சட்டையை மாட்டிக்கொண்டு, “தட்டை எடு” என்று அம்மாவிடம் சொன்னார்.

நாங்கள் நான்கு பேரும் போனோம். கல்யாணப் பெண் வெளியே வரக்கூடாது என்று அம்மா தடுத்தும் அக்கா கேட்கவில்லை. பெரியப்பா வீட்டுக் கேட் திறந்துதான் கிடந்தது. அப்பா உள்ளே போகவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழக்கம்போலக் கனைத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அப்பா கழுத்தில் வேர்த்து ஊற்றியது.

“அண்ணே” என்றார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அக்கா அவர் முதுகில் கை வைத்தாள்.

“அண்ணே” என்றார் மறுபடி. இந்தத் தடவை தெருவுக்கே கேட்டது. உள்ளே ரேடியோ நின்றது.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டபடி வெளியே வந்தார். எங்கள் நான்கு பேரையும் பார்த்தார். “என்ன சார்?” என்றார்.

அப்பா அதை வாங்கிக்கொண்டு நின்றார். அவர் திரும்பி நடந்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். நடக்கவில்லை. அம்மாவிடமிருந்து தட்டை வாங்கி இரண்டு கையாலும் நீட்டி, “அண்ணே, உம் மகளுக்குக் கல்யாணம். கூப்பிட வந்திருக்கேன்” என்றார்.

பெரியப்பா தட்டை வாங்கிப் பெரியம்மாவிடம் கொடுத்தார். அக்காவின் தலையில் கை வைத்து நெற்றியில் சிலுவை போட்டார். செருப்பை மாட்டினார், சைக்கிளை எடுத்தார். “ஏறுங்க சார், சாமியாரைப் பாத்துட்டு வந்துருவோம்” என்றார். அப்பா பின்னால் கேரியரில் உட்கார்ந்து போனதை நாங்கள் நின்று பார்த்தோம். வளைகுடாவில் பையனோடு வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் மூலமாகப் பெரியப்பா அவரைப் பற்றி ஏற்கெனவே விசாரித்துவிட்டார், தங்கமான பிள்ளை என்று தெரிந்துகொண்டார் என்று பெரியம்மா அப்போதுதான் எங்களிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பதா சண்டைக்குப் போவதா என்று தெரியவில்லை.

மூன்றாவது ஓலை வாசித்தார்கள். திங்கள்கிழமை கல்யாணம் நடந்தது. பெரியப்பா முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பந்தியில் நின்று பரிமாறினார், யாருக்குச் சோறு போதவில்லை என்று தேடித் தேடிக் கேட்டார். அப்பாவைத் தேடியபோதெல்லாம் “சார் எங்க, சாரைப் பாத்தீங்களா” என்று கேட்டுக்கொண்டிருந்தார். வீம்பு, கொஞ்ச நாளில் தணிந்துவிடும் என்று நான் நினைத்தேன். செக்‌ஷனில் வேறு வழி இல்லை, ரிட்டையர் ஆனால் சரியாகிவிடும் என்று அம்மா நினைத்தாள்.

முதலில் பெரியப்பாவும், தொண்ணூறுகளின் நடுவில் அப்பாவும் ரிட்டையர் ஆனார்கள். அப்பா தினமும் சாயங்காலம் பருத்திப்பட்டுக்குப் போனார். கனைக்கிற பழக்கம் போயே போய்விட்டது. தெருமுனையிலேயே “அண்ணே” என்று குரல் கொடுப்பார். எதிர்வீட்டுக்காரர்களே சிரிப்பார்கள். உள்ளிருந்து “வாங்க சார்” என்று பதில் வரும்.

ஒரு கிறிஸ்துமஸ் லீவில் அக்கா குழந்தையோடு வந்திருந்தாள். எல்லாரும் பெரியப்பா வீட்டு மொட்டை மாடியில் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா முறுக்குத் தட்டை அப்பா பக்கம் தள்ளி, “எடுத்துக்கங்க சார்” என்றார். எனக்குப் பழைய கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இன்னும் என்ன பெரியப்பா சாரு? பாக்டரியும் போச்சு, செக்‌ஷனும் போச்சு. இன்னும் எத்தனை நாளைக்குக் குத்திக் காட்டுவீங்க?” என்று கேட்டேவிட்டேன்.

பெரியப்பா திடுக்கிட்டுப் பார்த்தார். குத்திக் காட்டுகிற முகம் இல்லை அது. அவர் சொன்னதை அவரே கவனிக்கவில்லை.

அப்பா ஏரியைப் பார்த்தபடியே சொன்னார். “ஒரே ஒரு தடவை ஏலேன்னு கூப்பிடேண்ணே. கேட்டு எத்தனையோ வருஷமாச்சு.”

பெரியப்பா தட்டைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார், மூடினார். தொண்டையைக் கனைத்தார். அக்காவின் குழந்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு முறை திறந்து பார்த்துவிட்டு, கையை எட்டி அப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

“வர மாட்டேங்குது சார்” என்றார்.